டெல்டாவுல வீட்டுக்கு கரண்ட் எடுக்குற காத்தாடி வைக்கலாமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்க வேண்டிய கணக்கு

கஜாவுக்கு அப்புறம்தான் நம்ம பக்கம் இந்த ஆசை கெளம்புச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறிட்டு அது பாட்டுக்கு போயிடுச்சு, கம்பமெல்லாம் வயல்ல படுத்துக் கெடந்துச்சு, உள்கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. அப்பவே நெறைய பேர் இனிமே நம்ம கரண்ட்ட நாமளே எடுத்துக்கணும்டான்னு பேச ஆரம்பிச்சாங்க. இப்போ போனை தொறந்தா சின்ன காத்தாடி விளம்பரமா வருது, 400 வாட்ங்குறான், 1000 வாட்ங்குறான், ஒருத்தன் கூச்சமே இல்லாம 12000 வாட்னு போடுறான். மன்னார்குடி பக்கத்துல இருக்குற எங்க மாமா போன் பண்ணி "மாப்ள, மொட்டமாடியில எந்நேரமும் காத்து பிச்சிக்கிட்டு போவுது, ஒண்ண வாங்கி மாட்டிப்புட்டா ஈபி பில்லே வராதுல்ல"ன்னு கேட்டாரு. அவருக்கு சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

முதல்ல விளம்பரத்துல இருக்குற வாட்டை மறந்துடுங்க. இறக்கை சுத்துற வட்டத்தோட குறுக்களவு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க, அது போடலேன்னா கேளுங்க, கேட்டும் சொல்லலேன்னா அந்த ஆளை விட்டுடுங்க. ஏன்னா காத்துல இருந்து கரண்ட் எடுக்குறது அந்த வட்டத்தோட பரப்பையும் காத்தோட வேகத்தையும் பொறுத்துதான், உள்ள இருக்குற மோட்டார் எவ்வளவு பெருசுங்குறது அப்புறம். கணக்கு இதுதான்: வட்டத்தோட பரப்பை சதுர மீட்டர்ல எடுத்துக்கோங்க, காத்து வேகத்தை செகண்டுக்கு எத்தனை மீட்டர்னு எடுத்து வேகம் x வேகம் x வேகம்னு பெருக்குங்க, ரெண்டையும் பெருக்கி 0.6ஆல பெருக்குங்க. வர்றது அந்த வட்டத்து வழியா போற காத்துல இருக்குற மொத்த சக்தி. அதுல 59 சதவீதத்துக்கு மேல எந்த மெஷினாலயும் எடுக்கவே முடியாது, பெட்ஸ்ங்குற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு போட்டு காட்டிட்டாரு. நம்ம வாங்குற சின்ன காத்தாடிக்கு 30 சதவீதம் வந்தாலே பெரிய விஷயம், நடைமுறைல 20, 25தான்.

இப்போ ஆன்லைன்ல ரொம்ப ஓடுற 1.3 மீட்டர் குறுக்களவு காத்தாடியை எடுத்துக்கோங்க, அதோட பரப்பு 1.33 சதுர மீட்டர். செகண்டுக்கு 12 மீட்டர் காத்துல, அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர்ல, மொத்தமா 1380 வாட் போகுது, 30 சதவீதம்னா 410 வாட். அதனால 400 வாட்னு போட்டவன் பொய் சொல்லலை, ஆனா அந்த வேகத்துல காத்து நம்ம ஊர்ல எத்தனை மணி நேரம் அடிக்குது? அதே காத்தாடி 4 மீட்டர் வேகத்துல 15 வாட், 3 மீட்டர்ல வெறும் 6 வாட். ஒரு எல்ஈடி பல்புக்கு கூட பத்தாது. வேகம் பாதியானா கரண்ட் பாதியாகாது, எட்டுல ஒரு பங்காயிடும், இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா பாதி விளம்பரத்தை நீங்களே தள்ளி விட்டுடுவீங்க. அந்த 12000 வாட்காரனும் இதே சைஸ் இறக்கைதான் வச்சிருக்கான், 12 மீட்டர் காத்துல அந்த வட்டத்துக்குள்ள வர்ற மொத்த சக்தியே 1380 வாட்தான், அவன் எங்கேர்ந்து 12000 எடுப்பான்னு அவனைத்தான் கேக்கணும்.

சரி, நம்ம ஊர்ல காத்து எவ்வளவு? இதுதான் நெசமான கேள்வி, இதுக்கு பதில் தெரியாம யாரும் ஒத்தப் பைசா செலவு பண்ணாதீங்க. தமிழ்நாடு காத்தாலைக்கு பேர் போன மாநிலம்தான், ஆனா அந்த பேரு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பாலக்காட்டு கணவாய், கம்பம், செங்கோட்டை பக்கத்தோடது. அங்கெல்லாம் மலை இடுக்கு வழியா மேக்கத்தி காத்து குவிஞ்சு வருது. நமக்கு மலையும் கெடையாது கணவாயும் கெடையாது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவோம், பறக்கும்தான், ஆனா ஆடி போனதுக்கப்புறம் புரட்டாசில ஒரு இலை கூட அசையாம புழுங்கும் பாருங்க, அந்த மாசத்தையும் சேத்துதான் சராசரி எடுக்கணும். கடற்கரை ஓரம் கதை கொஞ்சம் வேற, பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை பக்கமெல்லாம் மத்தியானத்துக்கு மேல கடக்காத்து தெனமும் வரும், கார்த்திகை மார்கழில வாடைக்காத்தும் இருக்கும். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர்னு உள்ள வர வர வேகம் கொறைஞ்சுக்கிட்டே வரும்.

நெட்ல குளோபல் விண்ட் அட்லஸ்னு ஒண்ணு இருக்கு, டென்மார்க் டிடியூ யூனிவர்சிட்டியும் உலக வங்கியும் சேந்து போட்டது, ஃப்ரீதான், உங்க ஊரை க்ளிக் பண்ணா காத்து வேகம் காட்டும். சென்னை பள்ளிக்கரணைல இருக்குற தேசிய காத்தாற்றல் நிறுவனம், அதான் நிவே, அவங்க மேப்பும் இருக்கு. ஆனா இங்கதான் ஏஜென்ட் ஆளுங்க வெளையாடுவாங்க, 100 மீட்டர் உயரத்து நம்பரை காட்டி பாருங்க சார் உங்க ஊர்ல 6 மீட்டர் காத்து இருக்குன்னு சொல்லுவாங்க. நீங்க வைக்கப்போறது 100 மீட்டர்லயா? 12 மீட்டர்ல. மரமும் வீடுமா இருக்குற ஊர்ல 100 மீட்டர்ல 6 இருந்தா 12 மீட்டர்ல சுமாரா 4தான் இருக்கும், கரண்ட் கணக்குல பாத்தா கால் பங்கு சொச்சம். அட்லஸ்ல 10 மீட்டர் உயரத்து நம்பரும் இருக்கு, அதை மட்டும் பாருங்க, அதையும் தோராயம்னு வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் நீங்களே அளந்து பாருங்க, பெரிய வேலை இல்ல. காத்தாடி வைக்கணும்னு நெனைக்கிற இடத்துல நீளமான மூங்கில் ஒண்ணை நட்டு மேல லேசான துணிக்கொடி ஒண்ணை கட்டி விடுங்க. இலை மட்டும் சலசலக்குது, மூஞ்சில காத்து படுது ஆனா கொடி தொங்குதுன்னா செகண்டுக்கு 3 மீட்டருக்கு உள்ளதான், மாடியில நமக்கு ஜில்லுன்னு சொகமா இருக்குற காத்து இதுதான், இதுல காத்தாடி சுத்த ஆரம்பிக்கவே யோசிக்கும். கொடி நல்லா விரிஞ்சு நிக்குது, சின்ன குச்சியெல்லாம் விடாம ஆடுதுன்னா மூணரைல இருந்து அஞ்சரை வரைக்கும். புழுதியும் காயிதமும் பறக்குது, சின்ன கிளை ஆடுதுன்னா அஞ்சரைல இருந்து 8, இங்கேர்ந்துதான் வேலைக்காகும். காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி படுக்க போறப்ப ஒரு தடவை பாத்து காலண்டர் தாள்லயே குறிச்சு வைங்க. கையில புடிக்கிற காத்து மீட்டர் ஆன்லைன்ல ஆயிரத்து சொச்சத்துலேர்ந்து ரெண்டாயிரத்து சொச்சத்துக்குள்ள கெடைக்கும், அதை வாங்கினா இன்னும் நல்லது. ஆடில மட்டும் அளந்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, பங்குனியும் புரட்டாசியும் சேந்து வரணும். ஒரு வருஷம் அளக்க பொறுமை இல்லேன்னு சொல்றவங்ககிட்ட ரெண்டு லட்சம் போடுற பொறுமை மட்டும் எப்படி இருக்குன்னு எனக்கு புரியல.

மொட்டமாடி மேட்டருக்கு வர்றேன், மாமா கேட்டதே அதைத்தான். மாடியில மாட்டாதீங்க. வீட்டு சுவத்துல மோதி எழும்புற காத்து சுழிச்சு சுழிச்சு வரும், காத்தாடி ஒரு பக்கம் திரும்புறதுக்குள்ள காத்து வேற பக்கம் போயிடும், வால் ஆட்டிக்கிட்டே நிக்கும், கரண்ட் வராது, பேரிங் மட்டும் தேயும். அதோட அந்த அதிர்வு தூண் வழியா இறங்கி கீழ் ரூம்ல ராத்திரியெல்லாம் ஊஊன்னு கேக்கும். முறை என்னன்னா, சுத்தி 100, 150 மீட்டருக்குள்ள இருக்குற எல்லாத்தையும் விட, வீடோ மரமோ எதுவா இருந்தாலும், இறக்கையோட கீழ் நுனி 30 அடி மேல இருக்கணும். இப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பை நெனைச்சுக்கோங்க, மரமே 60 அடி நிக்கும், அதுக்கு மேல 30ன்னா 90 அடி டவர், டவர் செலவே காத்தாடியை முழுங்கிடும். தோப்பு நடுவுல வீடுன்னா இத்தோட படிக்கிறதை நிறுத்திட்டு சோலார் கடைக்கு போங்க, தப்பே இல்ல. நடுவயல்ல, சுத்தி நெல்லு மட்டும்தான்னா பரவாயில்ல, நெல்லு காத்தை ரொம்ப தடுக்காது. உப்பளம், இறால் குட்டை பக்கம் இன்னும் நல்லது.

டவருக்கு அஸ்திவாரம் போடுறதுல நம்ம மண்ணு ஒரு தனி தலைவலி. வண்டலும் களியுமா இருக்குறதால கோடைல பாளம் பாளமா வெடிச்சு கெடக்கும், ஐப்பசில கொழகொழன்னு ஆயிடும். நாலு பக்கமும் இழுத்து கட்டுற கம்பிக்கு சும்மா ஆங்கிள அடிச்சு இறக்குனா மழைக்காலத்துல அது மெல்ல மேல வந்துடும், கம்பி தொய்ஞ்சுடும், டவர் சாய ஆரம்பிக்கும். குழி ஆழமா எடுத்து கான்கிரீட் கட்டையை பொதைச்சு அதுல இருந்து கம்பியை கொண்டாரணும், தண்ணி நிக்கிற வயல்னா இன்னும் பெருசா போடணும், இதுக்கு ஒரு சிவில் இன்ஜினியர்கிட்ட காசு குடுத்து கேக்குறது வீண் போகாது. அதோட டவரை கண்டிப்பா சாய்ச்சு இறக்குற மாதிரி, அடியில கீல் வச்சு போடுங்க. புயல் வர்ற ஊர்ல இது இல்லாம டவர் நடுறது வம்பை வெலைக்கு வாங்குற மாதிரி.

இப்போ காசு. 2.4 மீட்டர் குறுக்களவு உள்ளதைத்தான் யோக்கியமா 1 கிலோவாட்னு சொல்ல முடியும். காத்தாடியும், பேட்டரிக்கு கரண்ட்ட அளவா அனுப்புற கன்ட்ரோலரும் 60 ஆயிரத்துலேர்ந்து ஒரு லட்சம், 12 மீட்டர் ஜிஐ பைப் டவர், கம்பி, கான்கிரீட், ஆள் கூலி எல்லாம் சேத்து 50, 60 ஆயிரம், 48 வோல்ட்டுக்கு 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி நாலு 60 ஆயிரத்துக்கு மேல, இன்வெர்ட்டர், கேபிள், எர்த்து எல்லாம் 30 ஆயிரம். ரெண்டு லட்சத்துக்கு கொறைஞ்சு முடியாது, நடுத்தரமா ரெண்டேகால் லட்சம்னு வச்சுக்கோங்க, இதெல்லாம் தோராயம்தான், கடைக்கு கடை மாறும். இது வருஷ சராசரி 4 மீட்டர் காத்து இருக்குற இடத்துல, காத்து ஏறி இறங்குறதையும் கணக்குல சேத்து, வருஷத்துக்கு 600 யூனிட் குடுக்கும். 600 யூனிட்! ஈபில ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா குடுக்குறாங்களே, அது வருஷத்துக்கு எவ்வளவு? அதே 600. ரெண்டேகால் லட்சம் போட்டு நீங்க எடுக்குறது கவர்ன்மென்ட் ஏற்கனவே ஃப்ரீயா குடுத்துக்கிட்டு இருக்குற அளவு.

20 வருஷம் ஓடுதுன்னே வச்சுக்கோங்க, மொத்தம் 12,000 யூனிட். நடுவுல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாத்தணும், மூணு தடவைக்கு இன்னொரு 1 லட்சத்து 80 ஆயிரம், ஆக 4 லட்சத்துக்கு மேல, யூனிட் 33 ரூபாய்க்கு கொறையாது. கடலோரத்துல சராசரி 5 மீட்டர் இருந்தா யூனிட் ரெண்டு மடங்காகி 17 ரூபாய்க்கு வரும். அந்தப் பக்கம் மாடில 1 கிலோவாட் சோலார் போட்டா 60, 70 ஆயிரம், அதுல மத்திய அரசோட பிஎம் சூர்யகர் திட்டத்துல 30 ஆயிரம் மானியம் போயிடும், வருஷத்துக்கு 1400 யூனிட் வரும், ஈபி லைனோட சேத்துடுறதால பேட்டரி தேவையில்ல. நடுவுல ஒரு இன்வெர்ட்டர் மாத்துனா கூட யூனிட் 2, 3 ரூபாய்தான். வெவசாய மோட்டாருக்குன்னு நெனைச்சீங்கன்னா அதுக்கு கரண்ட்டே ஃப்ரீ, கனெக்‌ஷன் கெடைக்காம வெயிட்டிங்ல இருக்குறவங்க வேளாண் பொறியியல் துறைல சோலார் பம்பு மானியம் விசாரிங்க. மாமா இதை கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "சரி, அந்த சோலார் ஆளு நம்பர் இருந்தா அனுப்பு"ன்னாரு.

அப்போ யாருக்குத்தான் இது சரிப்படும்? ஈபி லைன் போகாத இடம், கடலோரம், பக்கத்துல மரம் இல்ல, கம்மியான லோடு, இந்த நாலும் சேந்து இருந்தா பாக்கலாம். வேதாரண்யம் பக்கம் தெரிஞ்ச ஒருத்தர் இறால் குட்டை காவல் கொட்டகைல வச்சிருக்காரு, 1.3 மீட்டர் காத்தாடி ஒண்ணு, 330 வாட் பேனல் ஒண்ணு, ரெண்டும் தனித்தனி கன்ட்ரோலர் வழியா ஒரே பேட்டரிக்கு போகுது. ரெண்டு பல்பு, கரண்ட் கம்மியா இழுக்குற பிஎல்டிசி ஃபேன் ஒண்ணு, ஒரு கேமரா, போன் சார்ஜ், ஒரு நாளைக்கு அரை யூனிட் சொச்சம்தான் லோடு. பேனல் மட்டுமே வெயில் நாள்ல 1 யூனிட்டுக்கு மேல குடுத்துடும், காத்தாடிக்கு வேலை வர்றது கார்த்திகைல நாலஞ்சு நாள் வானம் மூடிக்கிட்டு வாடை அடிக்கிறப்பதான், அந்த ராத்திரில கேமரா அணையாம இருக்கணும்ங்குறதுக்காக வச்சிருக்காரு. அதே குட்டையில தண்ணிக்கு காத்து குடுக்குற ஏரேட்டர் ஓட்டலாமான்னு கேட்டா சிரிப்பாரு. ஒரு எச்பி ஏரேட்டர் ராத்திரி பத்து மணி நேரம் ஓடுனா ஏழரை யூனிட், அது வேற கணக்கு.

அங்க கிட்ட போய் பாத்தீங்கன்னா உப்புக்காத்து என்ன பண்ணும்னு தெரியும். சாதா போல்ட்டு போட்ட எடமெல்லாம் செவப்பா பொரிஞ்சு உதிருது, 316 கிரேடு எஸ்எஸ், அதான் துருப்பிடிக்காத ஸ்டீல், போட்டதுல ஒண்ணுமில்ல. கேபிள் முனையில செம்பு பச்சை பூத்திருக்கு, கிரீஸ் தடவி ஸ்லீவ் போட்ட முனை மட்டும் சுத்தமா இருக்கு. அதனால கடலோரம்னா பெயின்ட் அடிச்ச டவர் வேண்டாம், உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்த ஹாட் டிப் ஜிஐதான். கோடியக்கரை சரணாலயம் பக்கத்துல நெலம்னா முதல்ல வனத்துறைல கேட்டுக்கோங்க, பூநாரைங்க வந்து போற எடம் அது.

வயரிங்ல மூணு விஷயத்துல அலட்சியம் வேண்டாம். ஒண்ணு, காத்தாடியை சோலார் கன்ட்ரோலர்ல மாட்டாதீங்க. பேட்டரி நெறைஞ்சதும் சோலார் கன்ட்ரோலர் லைனை கட் பண்ணிடும், பேனல் சும்மா இருக்கும், ஆனா காத்தாடி லோடு இல்லாம தறிகெட்டு சுத்தி இறக்கையே பிச்சிக்கிட்டு போயிடும். காத்தாடிக்குன்னு உள்ள கன்ட்ரோலர் மிச்ச கரண்டை டம்ப் லோடுன்னு ஒரு ஹீட்டர் காயில்ல எரிச்சு விடும், அது இருக்கான்னு பாத்து வாங்குங்க. ரெண்டாவது, 12 வோல்ட் சிஸ்டத்துல டவர் உச்சிலேர்ந்து பேட்டரி வரைக்கும் 30 மீட்டர் வயர் ஓட்டுனா 400 வாட்டுக்கு 33 ஆம்பியர் ஓடும், வயர் மெல்லிசா இருந்தா பாதி கரண்ட் வயர்லயே சூடா போயிடும். 24 இல்ல 48 வோல்ட் போங்க. மூணாவது, கீழ ஒரு பிரேக் சுவிட்ச் வைங்க. காத்தாடிலேர்ந்து வர்ற மூணு வயரையும் ஒண்ணா ஷார்ட் பண்ணா அது தானா மெதுவாகி நின்னுடும், காத்து கம்மியா இருக்குறப்ப பண்ணணும், சூறைல சுத்திக்கிட்டு இருக்குறப்ப பண்ணா காயில் கருகிடும். இடிதாங்கி எர்த்து தனியா போடணும்ங்குறதை சொல்லவே வேணாம், வெட்டவெளில உசரமா நிக்கிறது அது ஒண்ணுதான்.

செங்குத்தா சுத்துற டிசைன், பூ மாதிரி இருக்குறதெல்லாம் பாக்க அழகா இருக்கும், எந்த பக்கம் காத்து வந்தாலும் சுத்தும்னு விப்பாங்க. டிரம்மை வெட்டி வச்ச மாதிரி இருக்குற ரகம் 15 சதவீதம் குடுத்தா பெருசு, அதே காசுக்கு பாதி கரண்ட். பசங்க படிக்கிறதுக்கு வீட்டுலயே செய்யணும்னா பழைய ஈ-ஸ்கூட்டர் சக்கரத்துக்குள்ளயே இருக்குற ஹப் மோட்டாரும் பிவிசி பைப்பை வெட்டுன இறக்கையும் வச்சு ஆரம்பிங்க, கார் ஆல்டர்நேட்டர் வேண்டாம், 2 மீட்டர் இறக்கை 5 மீட்டர் காத்துல நிமிஷத்துக்கு 300 சுத்து கூட சுத்தாது, ஆல்டர்நேட்டருக்கு ஆயிரத்துக்கு மேல வேணும்.

கடைசியா புயல். மணிக்கு 140 கிலோமீட்டர் காத்துல ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோ அழுத்தம் வரும், 12 மீட்டர் உச்சில அது தள்ளுறதை உங்க கான்கிரீட் தாங்கணும். நாகை துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்கன்னு நியூஸ் வந்ததும் நம்பரை பாத்து யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, வெளிச்சம் இருக்கும்போதே பிரேக் சுவிட்சை போட்டுட்டு, மூணு ஆளு வச்சு டவரை சாய்ச்சு படுக்க போட்டு, இறக்கையை கழட்டி உள்ள வைங்க. பேட்டரியை தரையில விடாம பெஞ்சு மேல ஏத்துங்க, தண்ணி கொட்டகைக்குள்ள வரும். புயல் போனப்புறம் அவசரப்பட்டு தூக்காதீங்க, மண்ணு ஊறிக் கெடக்கும், கம்பி கட்டுன குழி ஓரத்துல வெடிப்பு இருக்கான்னு பாத்து, ரெண்டு மூணு நாள் காயவிட்டு தூக்குங்க. டவர் படுத்திருக்குற அந்த நேரத்துலயே பேரிங்கை கையால சுத்திப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா நம்பரை குறிச்சுக்கிட்டு மாத்திடுங்க, தஞ்சாவூர் கும்பகோணம் பேரிங் கடைலயே பெரும்பாலும் கெடைக்கும்.